குறைக்கப்பட்ட விழுக்காடு: மனநலம் பாதித்த முன்னாள் வீரர்கள் ஏன் மேல்முறையீடு செய்ய வேண்டும்?

கண்ணிவெடியில் காலை இழந்த வீரருக்கு மருத்துவ வாரியம் ஒரு விழுக்காட்டை நிர்ணயித்தால், பத்து ஆண்டு கழித்தும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெட்டுண்ட கால் மீண்டும் வளர்வதில்லை. மனம் பாதிக்கப்பட்ட வீரரின் நிலைமை வேறு. மருந்து சாப்பிட்டுச் சற்று அமைதியாக இருக்கும் ஒரு நாளில் அவர் மறுபரிசோதனைக்குப் போனால், "முன்னேற்றம் தெரிகிறது" என்ற ஒரு வரியில் விழுக்காடு பாதியாகலாம். அதோடு மாதப் பணமும் பாதியாகலாம்.

இது உலகெங்கும் முன்னாள் வீரர்கள் சந்திக்கும் சிக்கல். அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்ட விதிகள் எழுதப்பட்டுள்ளன. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. மலேசியாவில், குறிப்பாகப் பேரா மாநிலத்து இந்தியக் குடும்பங்களில், இதைப் பற்றிப் பேச்சே குறைவு. கடிதம் வந்தால் படித்துப் பெருமூச்சு விட்டு அலமாரியில் வைத்துவிடுவதே வழக்கம். அந்த வழக்கம்தான் குடும்பத்துக்குப் பெரிய இழப்பைக் கொண்டுவருகிறது.

பேராவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நாட்டின் அவசரகாலம் தொடங்கியதே பேராவில்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் 1960இல் முடிவுக்கு வந்தாலும் 1968இல் கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது போராட்டம் தொடங்கியது. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாய் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும் வரை அது நீடித்தது. 1975 நவம்பரில் பேரா மாநிலப் போலீஸ் தலைவர் ஈப்போ நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கெரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை 1970களில் அமைத்தபோது, பாதுகாப்புக்கு நின்ற வீரர்கள் பதுங்குத் தாக்குதலுக்கும் காட்டில் மறைத்து வைத்த வெடிகளுக்கும் நடுவே வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்தில் இராணுவத்திலும் போலீஸ் களப்படையிலும் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பால்மரம் வெட்டும் வேலையிலிருந்து வெளியேறக் கிடைத்த சில வாய்ப்புகளில் சீருடை வேலையும் ஒன்று. பின்னர் வந்த தலைமுறையில் சிலர் ஐக்கிய நாட்டு அமைதிப் படையில் சோமாலியா, போஸ்னியா, லெபனான் என்று போய் வந்தனர். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்றதில் மலேசிய வீரர்களின் கவச வாகனங்களும் இருந்தன. அந்தப் பணியில் ஒரு மலேசிய வீரர் உயிரிழந்தார்.

உயிரோடு திரும்பியவர்கள் எல்லாரும் முழுதாகத் திரும்பவில்லை. இரவில் கத்திக்கொண்டு எழுவது, தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிவது, காரணமில்லாமல் பிள்ளைகளிடம் கோபப்படுவது, குடியில் விழுவது, பேச்சே இல்லாமல் போவது போன்றவற்றை வீட்டார் பார்த்திருக்கிறார்கள். "அவர் அப்படித்தான்" என்று சொல்லிப் பழகியும்விட்டார்கள்.

இதற்கு இன்று வழங்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்ற பெயர், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் சேர்க்கப்பட்டதே 1980இல்தான். 1970களில் கெரிக் காட்டிலிருந்து திரும்பியவரின் மருத்துவக் கோப்பில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. இன்று அதே மனிதர் விண்ணப்பிக்கும்போதோ மேல்முறையீடு செய்யும்போதோ, அன்றைய கோப்பில் இல்லை என்பதே அவருக்கு எதிராக நிற்கக்கூடும்.

21 ஆண்டு என்ற கோடு

மலேசிய ஆயுதப் படையில் அதிகாரி அல்லாத சாதாரண வீரர் சேவை ஓய்வூதியம் பெற 21 ஆண்டு பணியாற்ற வேண்டும். அதற்கு முன்னரே வெளியேறியவருக்கு மாதாந்திர ஓய்வூதியம் இல்லை. மனநோய் காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பார். அவருக்கு மாதப் பணம் என்று ஒன்று வர வேண்டுமானால், அது இயலாமையின் பெயரில்தான் வர வேண்டும். பணியின் காரணமாக நோய் வந்ததா, எத்தனை விழுக்காடு இயலாமை என்ற இரண்டு கேள்விகளும் அந்தக் குடும்பத்தின் அரிசிப் பானையைத் தொடும் கேள்விகள்.

இராணுவத்தை விட்டு வந்தவர்கள் பலர் பாதுகாவலர் வேலைக்கும் லோரி ஓட்டும் வேலைக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆகவே ஒரே மனிதருக்கு இரண்டு வழிகள் இருக்கலாம். ஒன்று, இராணுவ இயலாமை ஓய்வூதியம். இதைக் கவனிப்பது ஆயுதப் படையின் முன்னாள் வீரர்கள் விவகாரத் துறை, அதாவது ஜே.எச்.இ.வி. மற்றொன்று சொக்சோ. இரண்டுக்கும் சட்டம் வேறு, மருத்துவ வாரியம் வேறு, மேல்முறையீட்டு வழியும் வேறு. ஒன்றில் முடியாது என்று சொல்லிவிட்டதால் மற்றொன்றையும் விட்டுவிடுவது தவறு.

விழுக்காடு குறைவதன் பொருளைச் சொக்சோ கணக்கில் பார்த்தால் எளிதாக விளங்கும். வேலை தொடர்பான விபத்தால் நிரந்தர முடக்கம் ஏற்பட்டவருக்கு, அவருடைய சராசரி தினச் சம்பளத்தில் 90 விழுக்காடு அடிப்படையாக எடுக்கப்படுகிறது. தினம் 60 வெள்ளி என்றால் அடிப்படை 54 வெள்ளி. இயலாமை 40 விழுக்காடு என்று முடிவானால் ஒரு நாளுக்கு 21 வெள்ளி 60 காசு. ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக எடுக்காவிட்டால், 30 நாளுக்கு 648 வெள்ளி. அதுவே 20 விழுக்காடு என்றால் 324 வெள்ளி.

இன்னொன்றும் உண்டு. 20 விழுக்காட்டைத் தாண்டாதவர் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். கடன் நெருக்கடியில் இருக்கும் குடும்பம் அதை வாங்கி அடைத்துவிட்டால், ஆயுள் முழுக்க வரக்கூடிய மாதப் பணம் அதோடு முடிந்துவிடும். 20 என்ற எண்ணுக்கு மேலா கீழா என்பது, சட்டத்தில் ஒரு கோடு. வீட்டில் அது பெரிய மதில்.

மனம் எப்படி எண்ணாகிறது?

விரல், கை, கால், கண், காது ஆகியவற்றுக்குச் சட்டத்தில் அட்டவணை உண்டு. இன்ன உறுப்பு போனால் இத்தனை விழுக்காடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனதுக்கு அப்படி அளக்கும் கோல் இல்லை. மருத்துவர் கேட்டறிந்து, பழைய குறிப்புகளைப் பார்த்து, அந்த மனிதரால் எந்த அளவு வேலை செய்ய முடியும், மற்றவர்களோடு பழக முடியும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு, முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் பதிலையும் கோப்பில் உள்ள தாளையும் நம்பியே இருக்கிறது.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். மருத்துவர் "அப்பா காபார்?" என்று கேட்பார். நம்மவர் பழக்க தோஷத்தில் "பாயிக், டாக்டர்" என்பார். இராணுவத்தில் இருந்தவர் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னும் உறுதியாகச் சொல்வார். பலவீனத்தைக் காட்டக் கூடாது என்பது அவர் வாங்கிய பயிற்சி. அன்று காலை மனைவி குளிக்க வைத்து, சட்டைக்குப் பொத்தான் போட்டு, மகன் காரில் ஏற்றி அழைத்து வந்திருப்பார்கள். ஆனால் குறிப்பில் "உடை சுத்தம், பேச்சு தெளிவு, புகார் எதுவும் இல்லை" என்றுதான் ஏறும். மரியாதைக்குச் சொன்ன "நல்லா இருக்கேன்" என்ற சொல், நோய் குறைந்ததற்கான சாட்சியாக மாறிவிடுகிறது.

அடுத்தது, மருந்தால் வரும் அமைதி. மருந்து சாப்பிடுவதால் குரல் கேட்பது நின்றிருக்கலாம், தூக்கம் வந்திருக்கலாம். அது நோய் தீர்ந்ததற்கு அடையாளமாகாது. நீரிழிவு நோயாளியின் சர்க்கரை மருந்தால் கட்டுக்குள் இருப்பதைப் போன்றதுதான் இதுவும். அந்த மருந்தே பகலெல்லாம் தூக்கத்தையும் கை நடுக்கத்தையும் கொடுத்தால், அவரால் லோரி ஓட்டவோ இரவுக் காவல் பார்க்கவோ முடியாது. வேலை செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி என்றால், மருந்தின் பக்க விளைவும் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது, நாமே உண்டாக்கிக்கொண்ட தடை. உலு கிந்தாவிலுள்ள பஹாகியா மருத்துவமனை 1911இல் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. அது இருக்கும் ஊரின் பெயரான தஞ்சோங் ரம்புத்தானைப் பேரா மக்கள் வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். "அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று சிரித்துப் பழகிய ஊரில், அங்கே போய் வந்ததாகச் சொல்ல யாருக்கு மனம் வரும்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடென்றால் இன்னும் மோசம். தேதி கொடுத்தும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். போகாத ஒவ்வொரு தேதியும் கோப்பில் வெற்றிடமாக நிற்கிறது. "இரண்டு ஆண்டாகச் சிகிச்சைக்கு வரவில்லை, ஆகவே நோய் கடுமையாக இல்லை" என்று அந்த வெற்றிடத்தைப் படிக்க முடியும்.

இந்தியாவில் நடந்தது

மனநோயைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்ட வீரர்கள் நீதிமன்றம் வரை போராடிய கதைகள் இந்தியாவில் நிறைய உண்டு. அங்கே முன்னர், மறுஆய்வு மருத்துவ வாரியங்கள் வீரர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அழைத்துப் பரிசோதித்து விழுக்காட்டைத் திருத்தி வந்தன. 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஓய்வூதியத் தகுதியே போய்விடும். 2001 பிப்ரவரியில் இந்தியத் தற்காப்பு அமைச்சு இதை மாற்றியது. நிரந்தரத் தன்மை கொண்ட இயலாமைக்கு வாரியம் தரும் மதிப்பீடு, வீரரே மறுஆய்வு கேட்டாலொழிய, ஆயுளுக்கும் இறுதியானது. நிரந்தரமில்லாத வகைக்கும் ஒரே ஒருமுறைதான் மறுஆய்வு. கிழவராகும் வரை ஒவ்வொரு முறையும் வாரியத்தின் முன்னால் போய் நிற்கும் அவலம் அதனால் பெருமளவு குறைந்தது.

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியக் கொள்கையை வகுத்தது. இராணுவத்தில் சேரும்போது ஒருவருக்கு நோய் இருந்ததாகக் குறிப்பில் இல்லாவிட்டால், பின்னர் வந்த நோய் பணியினால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. அந்த வழக்கு வலிப்பு நோய் பற்றியது. அதே ஆண்டு, மனச்சிதைவு நோய் என்று கூறி அனுப்பப்பட்ட இன்னொரு வீரரின் வழக்கில், வாரியத்தின் முடிவை அப்படியே ஏற்காமல் புதிய மறுஆய்வு வாரியம் பரிசோதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

2025 மே மாதம் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. மனச்சிதைவு நோய் காரணமாக வெளியேற்றப்பட்டு இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு அது. நோய் பணியினால் வந்ததல்ல என்று மருத்துவ வாரியம் எழுதியிருந்தது. ஏன் அப்படி முடிவு செய்தது என்று எழுதவில்லை. காரணம் சொல்லாத வாரியக் கருத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சேர வேண்டியதை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிப்பாயின் பக்கம் தீர்ப்பு வந்தது.

எல்லா வழக்கும் இப்படி முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. 2019 அக்டோபரில் இதே உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு நோய் பணியில் சேரும்போது கண்டுபிடிக்க முடியாததாக இருக்கலாம், ஆகவே அன்றைய குறிப்பில் இல்லை என்பதால் மட்டும் பணிதான் காரணம் என்று கொள்ள முடியாது என்று ஒரு வீரரின் கோரிக்கையை நிராகரித்தது. இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், வாரியம் காரணம் எழுதியிருக்கிறதா என்பதையும், அந்தக் காரணத்துக்கு எதிராக வீரர் என்ன ஆதாரம் வைத்தார் என்பதையும் நீதிமன்றம் கூர்ந்து பார்ப்பது தெரியும்.

இந்திய வீரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட ஆயுதப் படை நடுவர் மன்றம் 2009 முதல் இயங்கி வருகிறது. சென்னையிலும் அதற்கு அமர்வு இருக்கிறது. மலேசியாவில் இராணுவ ஓய்வூதியத்துக்கென அப்படி ஒரு நடுவர் மன்றம் இல்லை.

அமெரிக்க விதி சொல்வது

அமெரிக்க முன்னாள் வீரர்கள் துறை மனநோய்க்கு 0, 10, 30, 50, 70, 100 என ஆறு படிகளில் விழுக்காடு தருகிறது. மாதப் பணம் குறையும்படி அந்தப் படியை இறக்க வேண்டுமானால், முதலில் காரணத்துடன் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆதாரம் அனுப்ப வீரருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் ஒரே நிலையில் இருந்துவரும் மதிப்பீடாக இருந்தால் விதி இன்னும் இறுகுகிறது. மனநோய் போல ஏறியும் இறங்கியும் வரும் நோயை ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைக்கக் கூடாது. முன்னேற்றம் நிலையானது என்றும், சாதாரண வாழ்க்கைச் சூழலிலும் அது நீடிக்கும் என்றும் காட்ட வேண்டும். 20 ஆண்டு தொடர்ந்து இருந்த மதிப்பீட்டை, மோசடி இருந்தாலன்றி, அதற்குக் கீழே இறக்க முடியாது.

இந்த விதிகள் நம் நாட்டில் செல்லாது. ஆனால் அவற்றின் நியாயம் நம் மேல்முறையீட்டுக் கடிதத்தில் இடம்பெறலாம். "நோய் ஏறி இறங்கும் தன்மை கொண்டது, ஒரு நாள் பரிசோதனையை வைத்துக் குறைப்பது சரியல்ல" என்று ஒரு மனநல நிபுணர் எழுதிக் கொடுத்தால், அதைப் படிக்கும் எந்த வாரியமும் யோசிக்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் உள்ள கதவுகள்

சொக்சோவில் வழி தெளிவாக இருக்கிறது. மருத்துவ வாரியத்தின் விழுக்காட்டில் திருப்தி இல்லாவிட்டால், அறிவிப்புக் கடிதத்திலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. சட்டக் கேள்வி எழுந்தால் உயர் நீதிமன்றம். புதிய ஆதாரம் கிடைத்தால் பழைய முடிவை மறுஆய்வு செய்யவும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வேலையோடு தொடர்பில்லாத மனநோயாக இருந்தாலும் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே விழுக்காடு கேள்வியில்லை. நோய் நிரந்தரமானதா, அதனால் அவர் வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிலையில் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள்.

இராணுவ இயலாமை ஓய்வூதியம் என்றால் முதலில் ஜே.எச்.இ.வி.க்கு எழுத்துபூர்வமாக எழுத வேண்டும். கடிதத்தில் தந்திருக்கும் கால வரம்பைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வாரியத்தின் அறிக்கையையும் குறைத்ததற்கான காரணத்தையும் கேட்டுப் பெற வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோரலாம். அதற்கு முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதமே அவகாசம். அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காக ஓராண்டு காத்திருப்பவர் அந்தக் கதவை இழந்துவிடக்கூடும். ஆகவே கடிதம் எழுதும் வாரத்திலேயே வழக்கறிஞரையும் பார்ப்பது நல்லது. வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்.

சாதாரண ஓய்வூதியர்கள் வழக்குப் போட்டு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2013இல் திருத்தப்பட்ட ஓய்வூதியச் சீரமைப்புச் சட்டம் தங்களுக்குப் பாதகமானது என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் அரசு ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஜூன் 27ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பொதுச் சேவையில் இருந்தவரின் ஓய்வூதியத்தைப் பின்னால் வரும் சட்டம் அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற அரசியலமைப்பின் 147ஆவது பிரிவு அவர்களுக்குத் துணை நின்றது. அந்தத் தீர்ப்பு சட்டத்தைப் பற்றியது, மருத்துவ விழுக்காட்டைப் பற்றியது அன்று. இருந்தாலும், கீழ் நீதிமன்றத்தில் தோற்றதோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வெற்றி கிடைத்திருக்காது.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்?

மேல்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள், கருணை காட்டுங்கள்" என்று எழுதுவதால் பயனில்லை. வாரியம் பார்ப்பது ஆதாரத்தை. முதலில், சிகிச்சை தரும் மனநல நிபுணரின் அறிக்கை. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலோ பஹாகியா மருத்துவமனையிலோ சிகிச்சை பெறுபவர், மருத்துவ அறிக்கைக்கு எழுதிக் கேட்டுக் கட்டணம் கட்டிப் பெறலாம். நோயின் பெயர் மட்டும் போதாது. எத்தனை ஆண்டாகச் சிகிச்சை, எத்தனை முறை வார்டில் சேர்க்கப்பட்டார், என்ன மருந்து, அதன் பக்க விளைவு என்ன, எந்த வேலையைச் செய்ய முடியாது என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

இரண்டாவது, வீட்டாரின் சாட்சியம். மனைவியோ பிள்ளைகளோ மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நடப்பதை எழுதி வைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினார், யார் நினைவூட்டி மருந்து சாப்பிட்டார், எந்த நாளில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, எப்போது கோபத்தில் பொருளை உடைத்தார் என்று தேதியோடு எழுதினால் போதும். அழகான மொழி தேவையில்லை. பிறகு அதன் சுருக்கத்தைச் சத்தியப் பிரமாணமாக்கிக் கோப்பில் சேர்க்கலாம்.

மூன்றாவது, வேலை வரலாறு. இராணுவத்துக்குப் பிறகு எங்கெல்லாம் சேர்ந்தார், எத்தனை மாதத்தில் நின்றார், ஏன் நின்றார் என்ற பட்டியல். பழைய முதலாளி ஒருவர் கடிதம் கொடுத்தால் அதற்கு எடை அதிகம். நான்காவது, சேவைக் காலக் குறிப்புகள். எந்தப் படைப்பிரிவு, எங்கே பணி, எந்தச் சம்பவத்தில் இருந்தார் என்பவை. பழைய நண்பர் ஒருவர் "அன்று நானும் அங்கே இருந்தேன்" என்று எழுதிக் கொடுப்பது, கோப்பில் இல்லாததை நிரப்ப உதவும். வயது எண்பதை நெருங்கும் அந்த நண்பர்கள் இருக்கும்போதே அதைப் பெற்றுவிட வேண்டும்.

பரிசோதனை நாளன்று குடும்பத்தில் ஒருவர் உடன் போக வேண்டும். மலாய் சரளமில்லாதவர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்ல வேண்டாம், மானத்துக்காகக் குறைத்தும் சொல்ல வேண்டாம். மேல்முறையீட்டில் விழுக்காடு மேலும் குறைய வாய்ப்பு உண்டா என்பதையும் முன்னரே சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கிடையே சமூக நல இலாகாவின் ஓகேயு அட்டையையும் மறக்கக் கூடாது. 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் மனநலக் குறைபாட்டையும் உள்ளடக்கியது. ஓகேயு பதிவில் மனநலம் தனி வகையாகவே இருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுச் சிகிச்சைப் பதிவைக் கேட்பார்கள். சிகிச்சைத் தேதிகளைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

குடும்பங்கள் மட்டும் மாறினால் போதாது. மூன்று மாற்றங்களுக்குப் பெரிய செலவும் தேவையில்லை. விழுக்காட்டைக் குறைக்கும் எந்த மருத்துவ வாரியமும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குறைப்பதற்கு முன்னரே அறிவிப்புக் கொடுத்து ஆதாரம் வைக்க அவகாசம் தர வேண்டும். மனநோய் வழக்கில் ஒரே பரிசோதனையை நம்பாமல், சிகிச்சை தரும் நிபுணரின் கருத்தையும் வீட்டாரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். 2012ஆம் ஆண்டு முன்னாள் வீரர்கள் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில் இத்தகைய விதிமுறையைக் கொண்டுவருவது தற்காப்பு அமைச்சுக்கு இயலாத காரியமல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31ஆம் தேதி வீரர் தினத்தன்று மலர்வளையம் வைப்பது போலவே இதுவும் கடமைதான்.

நம் சமூக இயக்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். அன்று கடிதம் வந்தால் படித்துச் சொல்லத் தோட்டத்தில் கிராணியாவது இருந்தார். இன்று அந்த இடத்தில் யாரும் இல்லை. கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாய் தெரிந்த இரண்டு இளைஞர்களும் ஓர் ஓய்வுபெற்ற எழுத்தரும் உட்கார்ந்து, வரும் கடிதங்களைப் படித்து, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்லிக் கொடுத்தாலே பல குடும்பங்கள் தப்பும்.

கடிதம் கைக்கு வந்த அன்றே உறையையும் பத்திரப்படுத்தி, வந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். பிறகு 90ஆவது நாள் எது என்று நாட்காட்டியில் வட்டமிடுங்கள். மற்ற எல்லா வேலையும் அந்த வட்டத்துக்கு முன்னால் முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் இந்தச் சமயத்தில் மனம் தளர்ந்து தன்னை வருத்திக்கொள்ளும் பேச்சுப் பேசினால், மேல்முறையீட்டை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணிலும் பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நீக்க 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஆகவே போலீசுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.